சந்தனம் பூசிய கணினிகள்

கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனம் புதிய கணினிகள் வாங்கியபோது பழையவற்றில் ஆறை மலாக்காவில் புக்கிட் காத்தில் என்ற ஊரின் தமிழர் சங்கத்துக்குக் கொடுத்தது. 1995ஆம் ஆண்டு மே மாதம் அவை லோரியில் வந்து இறங்கின. சங்க மண்டபத்தில் அவற்றுக்கு மாலை போட்டார்கள். பிரமுகர் ஒருவர் ரிப்பன் வெட்டினார். மறுவாரம் நாளிதழில் படம் வந்தது. சங்கத்தின் செயற்குழு முழுவதும் படத்தில் இருந்தது; கணினிகள் அவர்களுக்குப் பின்னால் மறைந்திருந்தன.

அதற்குப் பிறகு அவற்றை யாரும் மின்சாரத்தில் இணைக்கவில்லை. பிளாஸ்டிக் உறை போட்டு மண்டபத்தின் பின்னறையில் பூட்டி வைத்தார்கள். சாவி சங்கத் தலைவர் வீராசாமியிடம் இருந்தது. செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, ஆபீஸ் கணக்கெல்லாம் பார்ப்பவராக, முடி நரைக்கும்வரை வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். பூட்டி வைத்தால் பொருள் கெடாது என்பது தோட்டம் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஞானம்.

அந்தச் சாவியைக் கேட்டு வாங்கியவள் திலகவதி. அதே தோட்டத்தில் பால்மரம் சீவிய மருதமுத்துவின் மகள். தோட்டத்தை ரப்பரிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாற்றியபோது குடும்பம் புக்கிட் காத்திலுக்கு வந்துவிட்டது. அவள் பத்து பெரண்டாம் என்ற இடத்தில் இருந்த மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே மலாக்கா டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பருவம். தீபாவளிக்கு முந்தைய வாரத் திங்கட்கிழமைக்குள் தானே எழுதிய ஒரு நிரலை, ஓடும் நிலையில், டிஸ்கெட்டில் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் டிப்ளோமா. டிப்ளோமா இருந்தால் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் காலியாக இருக்கும் இடத்துக்கு அவள் பெயர் போகும். இல்லையென்றால் மறுபடி ஒரு பருவம், மறுபடி அதே வரிசையில் அதே நாற்காலி. அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

கல்லூரியின் கணினி அறை மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். அவளுடைய பஸ் டவுனுக்கு வந்து சேர அதற்கு மேலாகிவிடும். கட்டணம் வாங்கும்போது மட்டும் அந்தக் கல்லூரி இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும்.

எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற கம்பைலர் என்ற மென்பொருள் தேவை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை, பரிசோதனைப் பிரிவில் இருந்த விமலன் பல டிஸ்கெட்டுகளில் இறக்கிக் கொடுத்தான். அதைச் சங்கத்துக் கணினியில் நிறுவ அவளுக்கு ஆகஸ்ட் மாதம் முழுவதும் பிடித்தது. சுருக்கி வந்த தொகுப்பை முதல்முறை பிரித்தபோது எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டன. இரண்டாவது முறை, கம்பைலர் எங்கே இருக்கிறது என்பதை இயந்திரத்துக்குச் சொல்லும் வரியை மறந்துவிட்டாள். தொழிற்சாலைக் கேண்டீனில் விமலனிடம் கேட்பாள். வந்து செய்து பார்ப்பாள். மறுநாள் மறுபடி கேட்பாள்.

"ஏய் திலகா, நாசி லெமாக் ஆறுது லா. அது எங்கயும் ஓடிப் போகாது, சாப்ட்டுட்டுக் கேளு."

"நீங்க சாப்ட்டுக்கிட்டே சொல்லுங்கண்ணே. வாய் ரெண்டு வேலையும் பாக்கும்."

ஒருநாள் அது வேலை செய்தது. அதுவரை எழுதியிருந்த நிரலைக் கம்பைல் செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் முடித்தது. திரையில் தன் நிரல் தன் கட்டளைக்கு ஓடியதைப் பார்த்துவிட்டு, மிச்ச வேலையைச் செப்டம்பரில் எழுதி முடிக்கலாம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்கு முன்னால் லோரியைக் கழுவுவார்கள். மோட்டாருக்கு எண்ணெய் மாற்றுவார்கள். தையல் மிஷினைக் கழற்றித் துடைப்பார்கள். அழுக்கோடு எந்த ஆயுதத்தையும் சாமி முன்னால் வைப்பதில்லை. சங்கத்தில் அந்த ஆண்டு வைக்க வேண்டிய ஆயுதம் கணினிகள்தான் என்பதால், அவற்றையும் சர்வீஸ் செய்தாக வேண்டும் என்று வீராசாமி முடிவு செய்தார். டவுனில் கணினிக் கடை வைத்திருந்த கோகுலராஜ் இலவசமாகச் செய்து தருவதாக முன்வந்தான். தன் வேனில் ஆறையும் ஏற்றிக்கொண்டு போனவன் பூஜையன்று காலையில் கொண்டுவந்து இறக்கினான். அன்று மாலை அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மண்டபத்தைக் கூட்டி விளக்கேற்றும் இருசம்மாள்தான் கணினிகளுக்குச் சந்தனம் வைத்தாள். பொட்டு அளவில் வைக்கச் சொன்னால் அவளுக்குப் போதாது. பெட்டியின் மேல்மூடியில் தொடங்கி முன்பக்கத்து முகம்வரை, மூன்று விரலால் இழுத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். கோகுலராஜ் முகம் சுளித்தான்.

"என்ன தலைவரே, சர்வீஸ் பண்ணி பளபளன்னு கொண்டாந்தா சேத்துல போட்ட மாதிரி ஆக்கிட்டாங்க."

"இருசம்மா, பூஜை முடிஞ்சதும் தொடச்சிரு," என்றார் வீராசாமி.

"சாமிக்கு வச்சத நான் தொடைக்க மாட்டேன் கிராணியாரே. அதுவா காஞ்சி உதிரணும். வேணும்னா நீங்க தொடைங்க, பாவம் ஒங்களுக்கு."

வீராசாமி துடைக்கவில்லை.

பூஜை முடிந்த வாரத்தில் திலகவதி நிரலின் கடைசிப் பகுதியை எழுதி முடித்துக் கம்பைல் செய்தாள். கணினியின் முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே எதையோ அரைத்துக்கொண்டிருந்துவிட்டு, நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி சொல்லி நின்றது. அடுத்த கணினியிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

தப்பு தன்னுடையது என்றுதான் அவள் நினைத்தாள். அமைப்புக் கோப்புகளை மாற்றினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினாள். வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரமெல்லாம் அதிலேயே போயிற்று. கடைசியில், இணையத்தில் அந்தக் கம்பைலரைப் பயன்படுத்துகிறவர்கள் கேள்வி கேட்கும் குழுவுக்கு விமலன் மூலம் எழுதினாள். பதில்களை அவன் அச்செடுத்துக் கொண்டுவந்தான். பெரும்பாலானவர்கள் ஒன்றையே சொல்லியிருந்தார்கள்: இவ்வளவு பழைய இயந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கு.

"வாங்குன்னு சொல்றது ஈஸி," என்றாள். "பூஜைக்கு முன்னாடி இதே மிஷின்ல ஓடுச்சுண்ணே. பழசு நேத்திக்கா பழசாச்சு?"

"இவன் ஒருத்தன் ஃபின்லாந்துக்காரன், உருப்படியா கேட்டிருக்கான் பாரு. கம்பைலர் கூட வந்த சின்ன புரோகிராம் ஒன்னு இருக்காம். அத ஓட்டுனா, மிஷின்ல எவ்ளோ மெமரி இருக்குன்னு சொல்லுமாம். அத மொதல்ல பாருன்றான்."

அன்று மாலை ஓட்டிப் பார்த்தாள். அது காட்டிய எண் மிகச் சிறியதாக இருந்தது. நம்பிக்கை வராமல் கணினியை அணைத்து மறுபடி போட்டாள். பழைய கணினிகள் விழித்தெழும்போது தம் நினைவகத்தை எண்ணும். எண்ணும்போது பல்லி கொட்டுவதுபோல டிக் டிக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் பாதியில் நின்றதுபோல இருந்தது. திரையில் 2048 என்று, அதாவது இரண்டு மெகாபைட்டில், நின்றது. ஆகஸ்டில் அது 4096 வரை எண்ணும். அவள் அதைப் பார்த்துப் பழகியிருந்தாள். எண்ணி முடிக்கும்வரை கைப்பையிலிருந்து டிஸ்கெட்டை எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். இப்போதெல்லாம் டிஸ்கெட்டை எடுக்குமுன் திரை தயாராகிவிடுகிறது என்பதை அவள் கை முன்பே கவனித்திருந்தது. அவள்தான் கவனிக்கவில்லை.

ஆறையும் போட்டுப் பார்த்தாள். ஆறிலும் பாதி.

அந்த ஆண்டு கணினி நினைவகத்தின் விலை நகைக்கடை விலை. விரல் நீளச் சில்லுப் பலகைகள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். தொழிற்சாலைகளிலேயே இரவில் அவற்றைப் பூட்டி வைத்தார்கள்.

மறுநாள் அவள் வீராசாமியிடம் சொன்னாள். அவர் கோகுலராஜை வரவழைத்தார். அவன் ஒரே ஒரு கணினியைப் போட்டு, எண்ணி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தலைவரே, இது ரெண்டு எம்பி மிஷின். ஆபீஸ்காரன் கழிச்சுப் போட்ட பாரங், பழைய சாமான். இதுல கம்பைலரெல்லாம் ஓட்டுனா முக்கத்தான் செய்யும். புதுசு வேணும்னா சொல்லுங்க, சங்கத்துக்குன்னா நான் வெல பாத்து போட்டுத் தரேன்."

"பூஜைக்கு முன்னாடி நாலு எம்பி இருந்துச்சுண்ணே," என்றாள் திலகவதி. "நானே பாத்திருக்கேன்."

"இருந்துச்சா?" அவன் அவளைப் பார்க்கவில்லை, வீராசாமியைப் பார்த்தான். "இருந்திருந்தா எங்க போகும்? நான் தங்கச்சிய ஒன்னும் சொல்லல. ஆனா சாவி யார்கிட்ட இருந்துச்சு, தெனமும் இங்க ஒக்காந்து நோண்டுறது யாரு, அத நீங்கதான் யோசிக்கணும். அதுவும் இவங்க வேல பாக்கறது எலக்ட்ரானிக் ஃபேக்டரில."

வீராசாமி யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் பால் எடை குறைந்தால் மரம் சீவியவனைத்தான் நிறுத்திக் கேட்பார்கள். தராசு பிடித்தவனை யாரும் கேட்டதில்லை. தராசு பிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

"சாவிய குடும்மா," என்றார். "விசாரிச்சு முடியறவரைக்கும் ரூம்ப தொறக்க வேணாம். மருதமுத்து நல்ல மனுசன். அவருக்காகப் பாக்கறேன், போலீசுக்கெல்லாம் போகல."

"போங்க ஐயா," என்றாள் அவள். "போலீசுக்கே போங்க. எனக்கும் அதான் வேணும்."

அவர் கையை நீட்டியபடி நின்றார். அவள் சாவியை மேசையில் வைத்தாள்.

இரண்டு நாளில் விஷயம் அவர்கள் குடியிருந்த தாமான் முழுக்கப் பரவியது. மளிகைக் கடையில் அவளைப் பார்த்ததும் பேச்சு தணிந்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்தது. நிரல் டிஸ்கெட்டில் எழுத்தாகவே கிடந்தது. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. விமலன் தன் தொழிற்சாலைக் கணினியில் செய்து தரட்டுமா என்று கேட்டான். இணையம் பார்ப்பதைக் கண்டுகொள்ளாவிட்டாலும், வெளி நிரலை அவற்றில் ஓட்டினால் அவன் வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஷிப்டில், பரிசோதனை முடிந்த பெட்டிகளுக்கு முத்திரை ஒட்டும் வேலை அவளுக்கு விழுந்தது. மூடியும் உடலும் சேரும் இடத்தில், இரண்டின் மேலும் படும்படி மெல்லிய தாள் ஒன்றை ஒட்ட வேண்டும். பெட்டியைத் திறந்தால் தாள் கிழியும். கிழியாமல் இருந்தால், ஒட்டியதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. பல வருடமாகப் பார்த்த வேலை. ஒரு பெட்டியில் தாளை இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது அவள் கை அப்படியே நின்றது. மூன்று விரலால் இருசம்மாள் இழுத்த சந்தனம் நினைவுக்கு வந்தது.

ஷிப்ட் முடிந்து நேராக இருசம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"அத்தே, கம்ப்யூட்டருக்கு வச்ச சந்தனத்த யாராச்சும் தொடச்சாங்களா?"

"எவன் தொடைப்பான்? நான் உயிரோட இருக்கேன்ல."

"அப்ப என்கூட கிராணியார் வீட்டுக்கு வாங்க."

வீராசாமி கைலியோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பார்க்கலாம் என்றார். இருசம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "காலைல வரைக்கும் நான் இங்கதான் ஒக்காந்திருப்பேன் கிராணியாரே. தண்ணி மட்டும் கொடுத்தா போதும்," என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தார்.

அறையில் விளக்கைப் போட்டு, திலகவதி ஒவ்வொரு கணினியாகக் காட்டினாள். சந்தனம் காய்ந்து வெளுத்திருந்தது. மேல்மூடியும் முன்முகமும் சேரும் கோட்டின்மீது பாலம்போலக் கிடந்தது. ஒன்றில்கூட விரிசல் இல்லை.

"மூடியப் பின்னால இழுத்தாதான் உள்ள கை விட முடியும் ஐயா. இழுத்தா இது ஒடஞ்சிரும். நீங்களே ஒன்ன இழுத்துப் பாருங்க."

அவர் இழுக்கவில்லை.

"சந்தனம் வச்சது பூஜையன்னிக்கு. அதுக்கப்புறம் யாரும் தொறக்கல. வேன்ல ஏத்துன வரைக்கும் என் புரோகிராம் இதுல ஓடுச்சு. அதுக்கு முன்னாடி கடைசியா தொறந்தது யாரு?"

வீராசாமி ஆறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். தவறு செய்தோம் என்று அவர் சொல்லவில்லை. "பொன்னாடை போத்துன கையால..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் பேசிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் யார்கிட்டயும் சொல்ல வேணாம். தீபாவளி வருது."

சனிக்கிழமை மத்தியானம் அவர் திலகவதியின் வீட்டுக்கு வந்தார். கொண்டுவந்த செய்தி இதுதான்: கோகுலராஜ் ஆறு கணினிகளுக்கும் கூடுதல் நினைவகம் அன்பளிப்பாகத் தருகிறான். காலையிலேயே வந்து பொருத்திவிட்டுப் போய்விட்டான். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத்தில் சிறு நிகழ்ச்சி. நிருபர் வருகிறார்.

திலகவதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, அவர் சொன்னதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார், இரண்டாம் முறை குரல் சற்று இறங்கியிருந்தது.

"அன்பளிப்பா ஐயா?"

"வேற எப்டிச் சொல்றது? டவுன்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற நம்மாளு அவன் ஒருத்தன்தான். அவனக் கீழ இழுத்தா யாருக்கு லாபம்? பொருள் வந்துருச்சுல்ல."

"என் பேரு வந்துருச்சா?"

மருதமுத்து உள்ளறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார். வீராசாமி அவரைப் பார்த்துவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

"அதுக்குத்தான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். நன்றியுரை திலகாதான் சொல்லணும். நீயே மேடையேறி அவனுக்கு நன்றி சொன்னா, பேசுன வாயெல்லாம் மூடிக்கும். எல்லாம் சுமுகமா முடியும்."

அவள் கணக்குப் போட்டாள். திங்கட்கிழமை, டிஸ்கெட், முக்கால் மணி நேரம் ஆகும் வேலை. அந்த அறை அவர் சாவியில் இருந்தது.

"சரி ஐயா. சொல்றேன். நாளைக்கிக் காலைல ஏழு மணிக்கெல்லாம் சாவி வேணும்."

"எதுக்கு?"

"என் வேல ஒன்னு பாக்கி இருக்கு."

ஞாயிறு காலை இருசம்மாள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, திலகவதி முதல் கணினியைப் போட்டாள். டிக் டிக் என்று எண்ணியது. நிற்காமல் எண்ணியது. 4096. கட்டளையைத் தட்டினாள். சிவப்பு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. வெளியே ஒலிபெருக்கியைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் பூமாலை கட்டினார்கள். எட்டரைக்குள் அவளுடைய நிரல் முழுதாகக் கம்பைல் ஆகி, ஓடிக்காட்டி, இரண்டு டிஸ்கெட்டில் ஏறிவிட்டது. ஒன்றைக் கைப்பையில் வைத்தாள். இன்னொன்றை இருசம்மாளிடம் கொடுத்து, "இத வீட்ல அப்பாகிட்ட குடுத்துட்டு வாங்க அத்தே," என்றாள்.

பிறகு அவளுக்கு ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. கோகுலராஜ் பொருத்தும்போதே உடைந்த சந்தனம்தானே என்று, கணினியை அணைத்துவிட்டு மூடியை இழுத்தாள். உள்ளே நான்கு சில்லுப் பலகைகள். நான்கிலும் ஓரத்தில் ஒரே மாதிரி சிறிய பச்சை வட்டம் ஒட்டியிருந்தது. அதில் காப்புறுதி நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருந்தது. விற்பதற்காக எடுத்தபோது ஸ்டிக்கரை உரிக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. திருப்பித் தரும்போதும் தோன்றவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நிச்சயம்.

நிகழ்ச்சி பத்தரைக்குத் தொடங்கியது. கணினிகளை முன்வரிசையில் அடுக்கியிருந்தார்கள். வீராசாமி பேசினார். நன்கொடையாளரின் பெருந்தன்மையைப் பற்றி இன்னொருவர் பேசினார். கோகுலராஜுக்கு இரண்டாவது முறையாகப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் கைகூப்பினான். நிருபர் படம் எடுத்தார்.

திலகவதி ஒலிபெருக்கி முன் வந்தாள். தாள் எதுவும் எடுத்து வரவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். திரு. கோகுலராஜ் அவர்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. சொல்றேன். பூஜைக்கு சர்வீஸ் பண்ணக் கொண்டு போனப்ப இந்தக் கம்ப்யூட்டர்கள்ல நாலு நாலு மெமரி இருந்துச்சு. திரும்பி வந்தப்ப ரெண்டு ரெண்டு இருந்துச்சு. அந்த ரெண்ட நான் எடுத்துட்டேன்னு இந்தத் தாமான்ல பேசுனாங்க. இப்ப மறுபடி நாலு இருக்கு. நாலுலயும் நமக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த கம்பெனியோட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. நம்மகிட்டருந்து எடுத்தத நம்மகிட்டயே திருப்பிக் கொடுத்ததுக்கு அண்ணனுக்கு நன்றி. ஸ்டிக்கர் பாக்கணும்னா இந்த மொதோ கம்ப்யூட்டர் மூடி தொறந்துதான் இருக்கு. வாங்க, காட்டறேன்."

யாரும் எழவில்லை. பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக்கிக்கொண்டார். கோகுலராஜ் பொன்னாடையின் ஓரத்தைச் சரிசெய்தான். நிருபர் தன் காமிராவைப் பைக்குள் போட்டார், எழுத எதுவும் நடக்கவில்லை என்பதுபோல. மருதமுத்து மட்டும் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து வந்தார். கணினியின் மேல் குனிந்து, படிக்கத் தெரியாத எழுத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வீராசாமியைப் பார்த்தார். வீராசாமி நிகழ்ச்சி நெறியாளருக்குச் சைகை காட்டினார்.

"அடுத்து தேநீர் விருந்து," என்றார் நெறியாளர்.

எல்லாரும் எழுந்தார்கள். வடைத் தட்டுகள் வந்தன. இரண்டு பேர், மூன்று பேர் தட்டோடு முதல் கணினியைக் கடந்து போகும்போது குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கோகுலராஜின் வேன் புறப்படும் சத்தம் கேட்டது.

வீராசாமி அவளிடம் வந்து கையை நீட்டினார். அவள் சாவியைக் கொடுத்தாள்.

"நல்லபடியா முடிச்சிருக்கலாம்," என்றார் தணிந்த குரலில். "ஒத்துக்கிட்டுத்தானே வந்த? நன்றி சொல்றேன்னு?"

"சொன்னேனே ஐயா."

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே இந்த ரூம்பு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு வேணாம்," என்றாள் திலகவதி. "என் வேல முடிஞ்சிருச்சு. ஆனா பூட்டி வைக்காதீங்க ஐயா. பூட்டி வச்சது எங்கயும் பத்திரமா இல்ல."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவோடு வெளியே வந்தாள். கேட்டை அவர் திறந்துவிட்டார். பிறகு, "அந்தப் பச்ச ஸ்டிக்கர்ல என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் தலையாட்டினார், தோட்டத்தில் கிராணி சொன்ன எடைக்கெல்லாம் அடங்கித் தலையாட்டியதுபோல அல்ல.